ஃபோமட் அடிக்க அவசரம் வேண்டாம்

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கொமினிகேஷன் கடைகளில் நிற்க இடமிருக்காது. பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கமிருந்து பஸ் ஏறி வரும் மாணவர்கள் கடந்தகால வினாத்தாள்களைப் பிரின்ட் எடுக்கக் காத்து நிற்பார்கள். கடையில் ஒரு கம்பியூட்டர். அதன் முன்பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி துளைகள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அங்கே செருகப்படும் பென் ட்ரைவ்களுக்குக் கணக்கில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியரின் தவணைப் பரீட்சைத் தாள், கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்க வேண்டிய படிவம், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாண ஃபோட்டோ எல்லாம் அந்த இரண்டு துளைகள் வழியாகத்தான் போய்வருகின்றன. வைரஸும் அதே வழியில்தான் வருகிறது.

வீட்டுக்குப் போய் மறுபடி திறக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். கோப்புறைகளைக் காணோம், அல்லது இருக்கின்றன, ஆனால் திறக்க மறுக்கின்றன. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "வைரஸ் அடிச்சிருச்சு, ஃபோமட் அடிச்சாச் சரி." இரண்டு வருடக் குறிப்புகளும், தாத்தாவின் கடைசிப் படங்களும், ஸ்கேன் எடுத்து வைத்த பிறப்புச் சான்றிதழும் அந்த ஒரு சொடுக்கில் போய்விடுகின்றன. இத்தனைக்கும் அவை தொலையவே இல்லை. உள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. ஃபோமட் என்பது இந்த வைத்தியத்தின் கடைசிப் படி. அதை முதற்படியாகச் செய்வதால் ஏற்படும் இழப்புதான் வைரஸால் ஏற்படும் இழப்பைவிடப் பெரிது.

அம்புக்குறி போட்ட மஞ்சள் கோப்புறை

திரையை உற்றுப் பார்த்தால் அடையாளம் அங்கேயே இருக்கும். 'பாஸ்ட் பேப்பர்ஸ்' என்ற கோப்புறை அதே பெயரில், அதே மஞ்சள் நிறத்தில்தான் நிற்கும். ஆனால் படத்தின் இடப்பக்கக் கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. விபரப் பட்டியலாக மாற்றிப் பார்த்தால், 'ஃபைல் ஃபோல்டர்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'ஷோர்ட்கட்' என்றிருக்கும். கோப்புறைக்கு விண்டோஸ் வழக்கமாக அளவு காட்டாது. இங்கோ 1 கேபி, 2 கேபி என்று ஓர் அளவு தெரியும். சில பென் ட்ரைவ்களில் அந்த ட்ரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷோர்ட்கட் மட்டும் நிற்கும். மற்றதெல்லாம் காணாமல் போயிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பென் ட்ரைவின் மேல் வலது சொடுக்குச் செய்து 'ப்ரொப்பர்டீஸ்' பார்த்தால் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். கண்ணுக்கு வெறுமையாக இருக்கும் 8 ஜிபி பென் ட்ரைவில் 5 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டினால் நிம்மதியாக மூச்சு விடலாம். பொருள் உள்ளேதான் இருக்கிறது.

இந்த வகை வைரஸ் செய்வது இதுதான். நோய் பிடித்த கம்பியூட்டரில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். புதிய பென் ட்ரைவ் செருகப்பட்டதும் தன் பிரதியொன்றை அதில் போடும். பிறகு அங்கே இருக்கும் கோப்புறைகளுக்கு 'மறைந்தது', 'சிஸ்டத்துக்கு உரியது' என்ற இரண்டு முத்திரைகளையும் குத்தி மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷோர்ட்கட்களை வைக்கும். அதை இரட்டைச் சொடுக்குச் செய்தால் இரண்டு வேலை நடக்கும்: வைரஸ் ஓடத் தொடங்கும், உண்மையான கோப்புறையும் திறக்கும். கோப்புறை திறக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. சில ரகங்கள் எல்லாக் கோப்புகளையும் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெற்றெழுத்து ஒன்று இருக்கும்.

இந்தத் தந்திரம் பிறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பென் ட்ரைவைச் செருகினாலே போதும், 'ஓட்டோரன்' என்ற வசதி உள்ளே இருக்கும் நிரலைத் தானாக ஓடவைத்துவிடும். 2008இல் உலகெங்கும் பரவிய கொன்ஃபிக்கர் என்ற வைரஸ் அந்த வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. அதே வருடம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே தன் கம்பியூட்டர்களில் பென் ட்ரைவ் செருகுவதற்குத் தடை போட்டது. மத்திய கிழக்கில் இருந்த படைத்தளமொன்றில் செருகப்பட்ட பென் ட்ரைவ் வழியாக 'புழு' வகை வைரஸ் ஒன்று உள்ளே புகுந்ததுதான் காரணம். மைக்ரோசொஃப்ட் 2009இல் வந்த விண்டோஸ் 7இல் பென் ட்ரைவ்களுக்கு ஓட்டோரனை நிறுத்தியது. 2011 பெப்ரவரியில் பழைய எக்ஸ்பி, விஸ்டா கம்பியூட்டர்களுக்கும் அந்தத் திருத்தத்தை அனுப்பியது. தானாக ஓட வழி அடைபட்ட பிறகு, மனிதரின் விரலை வைத்து ஓடவைக்கும் வழியே வைரஸ் எழுதுவோருக்கு மிஞ்சியது.

இது முடிந்துபோன கதை என்று நினைப்பவர்களும் உண்டு. பிளக்எக்ஸ் என்ற வைரஸின் பென் ட்ரைவ் வழிப் பரவும் ரகமொன்று கைவிடப்பட்ட நிலையிலும் தானாகப் பரவிக்கொண்டிருந்தது. அதற்குக் கட்டளை அனுப்பும் முகவரியை செக்கோயா என்ற பிரெஞ்சு நிறுவனம் 2023 செப்டெம்பரில் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆறு மாதங்களில் 170க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 25 இலட்சம் இணைய முகவரிகள் அதைத் தொடர்புகொண்டன. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2024 ஜூலையில் பிரெஞ்சு அதிகாரிகள் கம்பியூட்டர்களைத் தூரத்திலிருந்தே சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் பென் ட்ரைவை எந்தப் பொலிஸாலும் தூரத்திலிருந்து சுத்தம் செய்ய முடியாது. அதை வைத்திருப்பவர்தான் செய்ய வேண்டும்.

கம்பியூட்டர் இல்லாத வீட்டில்

லயத்து வீடுகளில் கம்பியூட்டர் இருப்பது அரிது. அண்ட்ரொய்ட் ஃபோன் இல்லாத வீடும் அரிது. இந்த வேலைக்கு அந்த ஃபோனே நல்ல கருவி. விண்டோஸுக்காக எழுதப்பட்ட வைரஸ் அண்ட்ரொய்டில் ஓடாது. அதோடு, விண்டோஸ் போட்ட 'மறைந்தது' என்ற முத்திரையை அண்ட்ரொய்ட் கணக்கில் எடுப்பதுமில்லை. கம்பியூட்டரில் காணாமல்போன கோப்புறை ஃபோனில் பளிச்சென்று தெரியும்.

தேவையானது ஓடிஜி வயர் ஒன்று. ஒரு முனை ஃபோனின் சார்ஜர் துளைக்குப் போகும். மறுமுனையில் பென் ட்ரைவைச் செருகலாம். ஃபோன் ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கும் எந்தக் கடையிலும் இருக்கும். வாங்கும்போது துளை சி ரகமா, பழைய மைக்ரோ ரகமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்போ, விவோ போன்ற சில ஃபோன்களில் செட்டிங்ஸுக்குள் போய் 'ஓடிஜி' என்பதை ஒன் செய்தால்தான் பென் ட்ரைவ் தெரியும்; சும்மா விட்டால் சற்று நேரத்தில் அது தானாக ஓஃப் ஆகிவிடும். பென் ட்ரைவ் பழுது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

ஃபோனில் ஃபைல்ஸ் செயலியைத் திறந்து, படங்கள், பிடிஎஃப், வேர்ட், எக்செல், பாட்டு, வீடியோ ஆகியவற்றை மட்டும் ஃபோனுக்குப் பிரதி எடுக்க வேண்டும். பெயரில்லாத கோப்புறை ஒன்று கண்ணில் பட்டால் அதையும் திறந்து பார்க்க வேண்டும். தேடியது அதற்குள் இருக்கலாம். எல்என்கே, விபிஎஸ், ஜேஎஸ், ஈஎக்ஸ்ஈ, எஸ்சிஆர், பிஏடி, ஐஎன்எஃப் என்று முடியும் எதையும் தொடக்கூடாது. ஏபிகே என்று முடிவதை ஃபோனில் திறக்கவே கூடாது. அது அண்ட்ரொய்டுக்கே உரிய நிரல்.

பென் ட்ரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோமட் செய்யப்பட்டிருந்தால் பெரும்பாலான ஃபோன்களுக்கு அது புரியாது. அப்போது கம்பியூட்டர்தான் வழி.

கம்பியூட்டரில் செய்வதானால்

நோய் வந்த அதே கம்பியூட்டரில் வைத்தியம் பார்க்கக்கூடாது. புதுப்பிப்புகள் ஒழுங்காக இறங்கும் விண்டோஸ் 10 அல்லது 11 கம்பியூட்டர் வேண்டும். பாடசாலை ஐசிடி ஆசிரியரிடமோ பல்கலைக்கழகம் போகும் அண்ணன் அக்காமாரிடமோ இருக்கும். பென் ட்ரைவைச் செருகியதும் உள்ளே போய் எதையும் சொடுக்கக்கூடாது. ட்ரைவின் மேல் வலது சொடுக்குச் செய்து, மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் கொண்டு ஸ்கேன் செய்யும் தெரிவை எடுக்க வேண்டும். விண்டோஸ் 11இல் அது முதற்பட்டியலில் இல்லாவிட்டால் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், டிஃபெண்டர் தானாகச் செய்யும் ஸ்கேன்கள் வழக்கமாகப் பென் ட்ரைவை முழுதாகத் துழாவுவதில்லை. நாமாகக் கேட்க வேண்டும்.

ஸ்கேன் முடிந்து, பிடிபட்டவற்றை நீக்கிய பிறகும் கோப்புறைகள் தெரியமாட்டா. வைரஸ் போய்விட்டாலும் அது குத்திய முத்திரை போகாது. மறைந்தவற்றையும் காட்டும்படி விண்டோஸை மாற்றிவிட்டு, கோப்புறையின் ப்ரொப்பர்டீஸுக்குப் போய் 'ஹிடன்' என்பதற்கான சரி அடையாளத்தை எடுக்கப் பார்த்தால், அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் உறைந்துபோயிருக்கும். 'சிஸ்டம்' என்ற இரண்டாவது முத்திரை இருக்கும்வரை முதல் முத்திரையை இப்படிக் கழற்ற முடியாது. இந்த இடத்தில்தான் பலர் சலித்துப்போய் ஃபோமட்டுக்குப் போகிறார்கள். ஒரே ஒரு கட்டளை போதும்.

தேடும் பெட்டியில் 'சிஎம்டி' என்று தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். பென் ட்ரைவுக்கு விண்டோஸ் கொடுத்த எழுத்து 'எஃப்' என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'அட்ரிப்' என்ற சொல்லை ஏ, டீ, டீ, ஆர், ஐ, பீ என்று தட்டி, இடைவெளி விட்டு மைனஸ் குறியும் எஸ் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு மைனஸும் எச்சும், இன்னோர் இடைவெளி விட்டு மைனஸும் ஆரும் தட்ட வேண்டும். அடுத்த இடைவெளிக்குப் பின் எஃப், முக்காற்புள்ளி, \ குறி, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம் ஆகியவற்றை ஒட்டித் தட்ட வேண்டும். கடைசியாக, இடைவெளி விட்டு / குறியும் எஸ்ஸும், இடைவெளி விட்டு / குறியும் டியும் (ட்ரைவ் என்ற சொல்லின் முதலெழுத்து). என்டர் தட்டிவிட்டுக் காத்திருந்தால் கோப்புறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ட்ரைவ் எழுத்தை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் சி ட்ரைவில் இந்தக் கட்டளையை ஓடவிடக் கூடாது.

பிறகு ஃபோனில் செய்த அதே தெரிவுதான்: தன் கோப்புகளைக் கம்பியூட்டரில் புதிய கோப்புறையொன்றுக்குப் பிரதி எடுத்து, அந்தக் கோப்புறையையும் ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். வேர்ட், எக்செல் கோப்புகளுக்குள் மக்ரோ வடிவில் வைரஸ் ஒட்டியிருக்கக்கூடும். ஃபோன் வழியாக மீட்டவற்றுக்கும் இதே விதிதான். இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு ஃபோமட் அடிக்கலாம். பஸ்ஸிலோ ஓட்டோவிலோ பாட்டுக் கேட்கும் பென் ட்ரைவ் என்றால் ஃபெட்32. 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோக்கள் வைப்பதானால் எக்ஸ்ஃபெட்.

ஏற்கெனவே ஃபோமட் அடித்துவிட்டவர்களுக்கும் வழி முழுதாக அடைபட்டுவிடவில்லை. 'குவிக் ஃபோமட்' கோப்புகளின் முகவரிப் பட்டியலைத்தான் அழிக்கும். கோப்புகள் அந்தந்த இடத்திலேயே கிடக்கும். அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால் ஃபோட்டோரெக், ரெக்குவா போன்ற இலவச மென்பொருள்கள் பெரும்பகுதியை மீட்டுத் தரும். மீட்டதை வேறு ட்ரைவில்தான் சேமிக்க வேண்டும். ஃபோமட் அடித்த கையோடு புதுப் பாட்டு ஏற்றியவருக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை.

எல்லாம் வைரஸ் அல்ல

'யூ நீட் டு ஃபோமட் த டிஸ்க்' என்று விண்டோஸே கேட்கிறதென்றால் அது பெரும்பாலும் வைரஸின் வேலையாக இருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கியதாலோ, கரண்ட் போனதாலோ கோப்பு அமைப்பு குலைந்திருக்கும். மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போகும் இடங்களில் இது சாதாரணம். அங்கேயும் 'கேன்சல்' கொடுத்துவிட்டு, மேலே சொன்ன மீட்பு மென்பொருளைத்தான் முதலில் ஓடவிட வேண்டும். மிகக் குறைந்த விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று விற்கும் பென் ட்ரைவ்கள் பலவும் போலி. உண்மைக் கொள்ளளவைத் தாண்டியதும் பழைய கோப்புகள் நாசமாகும். அதற்கு வைத்தியமில்லை, வாங்காமல் இருப்பதுதான்.

கடைக் கம்பியூட்டருக்கு வைத்தியம்

பென் ட்ரைவை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும், அது போய்ச் செருகப்படும் கம்பியூட்டர் நோயோடு இருந்தால் அடுத்த நிமிடமே பழைய நிலைதான். ஒரு கடைக் கம்பியூட்டர் ஒரே நாளில் பல தோட்டங்களுக்கு வைரஸை அனுப்பிவைக்கும். மாதக் கணக்கைப் பென் ட்ரைவில் கொண்டுபோகும் தோட்டக் கிளாக்கர் அந்தக் கடையில் ஒரு கடிதம் பிரின்ட் எடுத்தால் போதும், தோட்ட ஒஃபீஸ் கம்பியூட்டருக்கும் அது போய்ச் சேரும்.

கடைக்காரர் சோதித்துப் பார்ப்பது எளிது. வெறுமையான பென் ட்ரைவில் தேவையில்லாத ஒரு கோப்புறையை வைத்துச் செருகி, சற்றுநேரம் விட்டு, எடுத்து, வேறு கம்பியூட்டரிலோ ஃபோனிலோ பார்க்க வேண்டும். தான் வைக்காத ஏதாவது அதில் முளைத்திருந்தால் நோய் கம்பியூட்டரில்தான். டாஸ்க் மனேஜரில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்ற பெயர் காரணமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதும் ஓர் அடையாளம். அது இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஒஃப்லைன் ஸ்கேன்' என்றொரு தெரிவு இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடப்பதால் வைரஸ் தன்னைக் காத்துக்கொள்ள வழியிருக்காது. சுமார் 15 நிமிட வேலை. கடை மூடும் நேரத்தில் போட்டுவிடலாம். அதன்பின் ஒரு முழு ஸ்கேன்.

இதையெல்லாம்விடக் கடினமான உண்மை ஒன்று இருக்கிறது. பல கடைகளில் விண்டோஸே திருட்டுப் பிரதி. அதை ஓடவைக்கும் 'அக்டிவேட்டர்' நிரல்கள் டிஃபெண்டரை நிறுத்தச் சொல்கின்றன. நிறுத்திய டிஃபெண்டரைப் பிறகு யாரும் ஒன் செய்வதில்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. ஆனாலும் அதிலுள்ள டிஃபெண்டருக்கான வைரஸ் விபரங்களை 2028 ஒக்டோபர் வரை தருவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்திருக்கிறது. பழைய கம்பியூட்டரை மாற்ற வசதியில்லாத கடைக்காரருக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் நல்ல மாற்று. பிரின்ட் எடுக்கவும் பிடிஎஃப் திறக்கவும் தாராளமாகப் போதும். இந்த ஷோர்ட்கட் வைரஸ்கள் அவற்றில் ஓடுவதில்லை.

இன்டர்நெட் இல்லாத பாடசாலைக் கம்பியூட்டர் அறைக்கும் வழி உண்டு. டிஃபெண்டருக்கான புதிய வைரஸ் விபரங்களை மைக்ரோசொஃப்ட் ஒரே கோப்பாகத் தன் தளத்தில் வைக்கிறது. டேட்டா உள்ள இடத்தில் இறக்கி, கொண்டுவந்து ஓடவிட்டால் எல்லாக் கம்பியூட்டர்களையும் புதுப்பிக்கலாம். 32 பிட், 64 பிட் வேறுபாட்டை மட்டும் பார்த்து இறக்க வேண்டும்.

பூட்டுப் போட்ட சிப்

ஃபோனுக்குப் போடும் சிறிய மெமரி சிப்பை எஸ்டி அடப்டர் ஒன்றுக்குள் வைத்தால், அதன் பக்கவாட்டில் நகத்தால் தள்ளும் சிறு பூட்டு இருக்கும். 'லொக்' பக்கம் தள்ளிவிட்டு, கார்ட் ரீடரில் செருகினால், கம்பியூட்டர் அதிலிருந்து வாசிக்கும். பெரும்பாலான ரீடர்களில் எழுத முடியாது. எழுத முடியாத இடத்தில் வைரஸ் தன் பிரதியை வைக்க முடியாது. பிரின்ட் எடுக்கப் போகும்போது தேவையான கோப்புகளை மட்டும் இதில் கொண்டுபோவது மலிவான, நல்ல பாதுகாப்பு. 'ஓட்டோரன்' என்ற பெயரில் வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி வைத்தால் வைரஸ் வராது என்ற பழைய யோசனை ஷோர்ட்கட் ரகத்துக்குப் பயன்படாது.

இப்போது பலர் கடை நம்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரின்ட் எடுக்கிறார்கள். வைரஸ் விஷயத்தில் அது பென் ட்ரைவைவிட மேல். ஆனால் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகப் பக்கமும் கடைக் கம்பியூட்டரில் தங்கிவிடும். பிரின்ட் கைக்கு வந்ததும், நிற்கும்போதே அழிக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

எத்தனை பாதுகாப்பு இருந்தாலும் ஒரே பிரதி ஆபத்து. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் மேகக் கணிமை மையம் ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் அன்றுவரையான அரச மின்னஞ்சல்கள் பறிபோயின. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. மலையகத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அப்படிப்பட்ட மண்ணில் வாழும் குடும்பங்களுக்குப் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை ஸ்கேன் எடுத்து வைப்பது அத்தியாவசியம். ஒரு பிரதி பென் ட்ரைவில், ஒன்று ஃபோனில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் அல்லது கூகுள் ட்ரைவில் இருக்கட்டும்.

கொமினிகேஷன் கடை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். நாளை காலை கடை திறந்ததும் முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிஃபெண்டர் ஒன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வைரஸ் பிடித்த பென் ட்ரைவோடு ஒரு மாணவனோ மாணவியோ வந்து நின்றால், ஃபோமட் அடிப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.